பழைய பாணிக் கூடம்: எதை வாங்குவது, எதை விடுவது

போன தை மாதம் ஊரில் இருந்த பாட்டி வீட்டை விற்றுவிட்டோம். அங்கிருந்து திருச்சியில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தவை மூன்றே பொருள்கள்: ஒரு ஊஞ்சல் பலகை, ஒரு காது உடைந்த உருளி, மூடி கழன்ற ஓர் அஞ்சறைப்பெட்டி. ஊஞ்சலின் சங்கிலி பங்காளி வீட்டுக்குப் போய்விட்டது. இவற்றை வைத்துக்கொண்டு 16-க்கு 12 அடி கூடத்தைப் பழைய பாணியில் அமைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வாங்குறதெல்லாம் சரி. இதையெல்லாம் தேய்க்கிற கை யாரோடது?"

அந்தக் கேள்விக்குப் பிறகு என் பட்டியல் பாதியாகக் குறைந்தது. நாச்சியார்கோயிலுக்கும் காரைக்குடிக்கும் சில முறை போய்வந்தேன், ஆசாரிகளிடமும் கடைக்காரர்களிடமும் நிறையக் கேட்டேன். இதே மாதிரி ஒரு கூடம் அமைக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று, எதை எதோடு ஒப்பிட்டு எந்த முடிவுக்கு வந்தோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

குத்துவிளக்கு: புதியதா, பழையதா?

அதிக நேரம் எடுத்துக்கொண்டது விளக்குதான். மூன்று வழிகள் இருந்தன. பட்டறையில் புதிதாக வார்த்த விளக்கு, பழம்பொருள் கடையில் கிடைக்கும் பழைய விளக்கு, அலங்காரக் கடைகளில் பளபளக்கும் மேல்பூச்சு போட்ட விளக்கு.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நாச்சியார்கோயிலில் காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, ஆறிய பிறகு கடைசல் பிடித்து மெருகேற்றுகிறார்கள். அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்க்கப்பட்டு திருகு மறை போட்டுப் பூட்டப்படுகின்றன. வாங்கும்போது கவனிக்க வேண்டியது இந்த மறையைத்தான். நான்கு துண்டுகளையும் கழற்றி மறுபடி பூட்டச் சொல்லுங்கள். திருகும்போது தடங்கல் இல்லாமல் போய், கடைசிச் சுற்றில் இறுக்கமாக நிற்க வேண்டும். பூட்டியபின் தண்டைப் பிடித்து லேசாக அசைத்தால் ஆடக்கூடாது. அப்புறம் விளக்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாதத்தின் உட்புறத்தைப் பாருங்கள். எடை போட்டு விற்கும் பொருள் என்பதால், உள்ளே வேறு எதுவும் அடைக்காமல் வெறும் உலோகமாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது நல்லது.

பழைய விளக்கின் அழகு வேறு. பல வருடம் புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் விளிம்புகள் மழுங்கி, கைபட்ட இடமெல்லாம் வழவழப்பாக இருக்கும். புதிய விளக்கு அந்த நிலைக்கு வர இன்னொரு தலைமுறை ஆகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில் அப்படிப்பட்ட விளக்குகளைக் கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் தினமும் ஏற்றப்போகிறீர்கள் என்றால் மனதைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு விளக்கின் பாதத்தில் இன்னொரு விளக்கின் தண்டு ஏறியிருக்கும். மறை தேய்ந்து, அதற்குள் நூல் சுற்றி இறுக்கியிருப்பார்கள். எண்ணெய்த் தட்டின் அடியில் ஈயப் பற்று வைத்த தழும்பு தெரியும். தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, கீழே ஒரு செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் எண்ணெயும் கசியும்.

பழையதை வாங்குபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 100 ஆண்டுகளைக் கடந்த சிலை, ஓவியம், உலோகக் கலைப்பொருள் போன்றவை தொல்பொருள் கணக்கில் வரும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், பதிவு விதிகளும் உண்டு. வீட்டில் புழங்கிய பாத்திரம் பண்டங்களோடு நிறுத்திக்கொள்வதே நிம்மதி. பழைய தெய்வச் சிலை என்று யாராவது மெல்லிய குரலில் காட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. அது எந்தக் கோயிலில் பூஜையில் இருந்ததோ! சிலைதான் வேண்டும் என்றால் சுவாமிமலையில் புதிதாக வார்த்து வாங்கலாம். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றும் அதே பழைய முறையில்தான் இன்றைக்கும் செய்கிறார்கள்.

மூன்றாவது வகையில் நான் ஏமாந்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு கடையில், "தேய்க்கவே வேண்டாம் சார், கறுக்காது" என்று சொல்லி ஒரு விளக்கைக் கொடுத்தார்கள். பித்தளை மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. ஏற்றிய இரண்டாவது வாரமே திரிமூக்கைச் சுற்றிப் பூச்சு பழுப்பாகி, செதில் செதிலாக உரிந்தது. உரிந்த இடம் கறுக்க, உரியாத இடம் பளபளக்க, முழுவதையும் சுரண்டி எடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பூச்சுள்ள விளக்கு ஏற்றாமல் பார்வைக்கு வைக்க மட்டும் சரி. இன்னொன்று, சட்டைப்பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது இரும்பு.

கடைசியில் நாச்சியார்கோயில் புது விளக்கையே எடுத்தோம், இரண்டடி உயரத்தில் ஒரு ஜோடி. அதிலும் பூ வேலைப்பாடு ஆழமாக வெட்டிய ஜோடியை விட்டுவிட்டு, வெறும் கடைசல் வளையங்கள் மட்டும் உள்ளதை அம்மா தேர்ந்தெடுத்தார். காரணம் இரண்டாவது மாதம் புரிந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்கும்போது வளையங்களில் விரல் சுலபமாக ஓடுகிறது. பக்கத்து வீட்டு வேலைப்பாட்டு விளக்கில் இதழ் இதழாகப் புளிச்சக்கை தங்கி, நாலு நாளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அவர்கள் பழைய பல் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். எந்த விளக்கானாலும் கழுவிய உடனே துணியால் ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். எங்கள் போர்த் தண்ணீர் தானாக உலர்ந்தால் வெள்ளைத் திட்டு விழுகிறது.

ஊஞ்சல்: மேலே தொங்கவிடுவதா, தரையில் நிறுத்துவதா?

பாட்டியின் பலகை 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அங்குலக் கனம். நல்ல தேக்கு. அதன் எடை மட்டும் 30 கிலோவை ஒட்டி வரும். சங்கிலியையும் கொக்கிகளையும் ஒரு 15 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் இன்னொரு 200 கிலோ. ஆக 245 கிலோ. இது சும்மா இருக்கும்போது. இரண்டு பக்கமும் 30 பாகை அளவுக்கு வீசி ஆடினால், பலகை கீழே வந்து கடக்கும் நொடியில் கொக்கியின் மேல் இழுவை கால் பங்குக்கு மேல் கூடும். 310 கிலோவுக்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் பல மடங்கு பாதுகாப்பும் வைத்துத்தான் மாட்ட வேண்டும்.

பழைய வீடுகளில் இந்தச் சுமையை உத்திரம் வாங்கிக்கொண்டது. கான்கிரீட் வீடு கட்டும்போதே நினைவு வைத்திருந்தால், மேல்தளம் போடும் முன் கம்பியோடு கம்பியாகக் கொக்கியைக் கட்டிவிடலாம். அதைப் போல உறுதியான வழி வேறில்லை. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஊஞ்சல் போடும் எண்ணம் இல்லாவிட்டாலும், நான்கு கொக்கிகளைப் போட்டு வைத்துவிடுங்கள். பின்னால் தொட்டில் கட்டவாவது ஆகும்.

எங்களுக்கு அந்த வழி கிடையாது. பார்க்க வந்த பொறியாளர், தளத்தை ஊடுருவிப் போல்ட் போட்டு மேலே தகடு வைத்து முறுக்குவதே தனக்கு நம்பிக்கையான முறை என்றார். அதற்கு மேல்மாடிக்காரர் வீட்டுத் தரையை உடைக்க வேண்டும். துளையிட்டு அடிக்கும் சாதாரண விரிவு ஆணிகளை ஆடும் சுமைக்கு நம்ப வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். இன்னொரு சங்கடத்தையும் அவர்தான் எடுத்துச் சொன்னார்: கொக்கி கிறீச்சிடும் ஓசை நம் வீட்டை விட மேல் வீட்டுக்குத்தான் அதிகமாகக் கேட்கும்.

தரையில் நிற்கும் சட்டத்தோடு வரும் ஊஞ்சல் இரண்டாவது வழி. தளத்தைத் தொட வேண்டாம், வீடு மாறினால் கழற்றி எடுத்துப் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சட்டம் இடத்தை விழுங்கும். ஆடாத நேரத்திலும் அந்த நான்கு கால்கள் கூடத்தின் நடுவே நிற்கும், இருட்டில் காலை இடிக்கும். தொங்கும் ஊஞ்சலுக்கு இருக்கும் லேசான தோற்றமும் அதற்கு வராது. இடத்தைப் பொறுத்தவரை எந்த ஊஞ்சலானாலும் கணக்கு ஒன்றுதான்: பலகையின் அகலம் 2 அடி, மெதுவாக ஆடினாலே முன்னும் பின்னும் வீச்சுக்கு இரண்டரை இரண்டரை அடி, மொத்தம் 7 அடி. 12 அடிக் கூடத்தில் மிச்சம் 5 அடி. மனிதர்கள் நடக்க, டிவி பார்க்க, விருந்தாளி உட்கார எல்லாம் அதற்குள்தான்.

மூன்றாவது வழியை எங்களுக்குக் காட்டியது அத்தையின் முழங்கால். எங்களோடு இருக்கிறார், எழுபது வயதைத் தாண்டியவர். சோபாவில் அமிழ்ந்தாலும் எழ முடியாது, ஆடுகிற பலகையிலிருந்தும் எழ முடியாது. அவருக்கு வேண்டியது அசையாத, கெட்டியான, சரியான உயரமுள்ள இருக்கை. ஆசாரியை வரவழைத்து, பலகையைத் துளியும் அறுக்காமல், இரண்டு கனமான கால்கட்டைகள் மேல் 17 அங்குல உயரத்தில் உட்கார வைத்தோம். சங்கிலி மாட்டிய நான்கு பித்தளை வளையங்களும் பலகையின் மூலைகளில் அப்படியே இருக்கின்றன. அத்தை எழும்போது ஒரு வளையத்தைப் பிடித்துக்கொள்கிறார். என்றைக்காவது தனி வீடு அமைந்தால் பலகை மறுபடி தொங்கும்.

சாய்வு நாற்காலியைப் பற்றியும் யோசித்தோம். கை நீண்ட, பிரம்பு பின்னிய நாற்காலி கூடத்துக்கு அழகுதான், ஆனால் ஒருவருக்குத்தான் ஆகும். பிரம்பு தொய்ந்தால் பின்னுபவரைத் தேடி அலைய வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

தரைக்கு

இதில் அதிகம் யோசிக்கவில்லை. பத்தமடைப் பாயா, பவானி ஜமக்காளமா, இயந்திரத்தில் நெய்த பாரசீக மாதிரிக் கம்பளமா என்று கேட்டால், கம்பளம் நம் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கும் தரையில் அது அடிப்புறம் நனைந்து நாற்றம் பிடிக்கும், புழுதியையும் தேக்கும். பத்தமடைப் பட்டுப் பாயின் மென்மைக்கு இணை கிடையாது. கோரையை ஊறவைத்து, இழை இழையாகக் கீறி, பருத்தி நூலில் நெய்வது அது. அதன்மேல் நாற்காலிக் கால் பட்டால் இழை அறுந்துவிடும், மழைக்காலத்தில் பூஞ்சை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். விருந்தாளி வரும்போது விரித்து, போனபின் சுருட்டி நிறுத்தும் பழக்கம் உள்ள வீட்டுக்கு அது சரி. எந்நேரமும் விரித்தே கிடக்க வேண்டும் என்றால் பவானி ஜமக்காளம். முரட்டு நூல், பட்டை பட்டையான நிறங்கள், குழந்தைகள் உருண்டாலும் தாங்கும், துவைத்துக் காயப்போடலாம். முதல் துவையலில் சாயம் இறங்கும் என்பதால் தனியாகத்தான் துவைக்க வேண்டும். நாங்கள் ஜமக்காளத்தை விரித்தோம்.

கடிகாரம்

செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களில் பார்த்திருப்பீர்கள், ஊசலாடும் பெரிய மரக் கடிகாரம். அமெரிக்காவின் அன்சோனியா, சேத் தாமஸ், ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் என்று முகப்பில் எழுதியிருக்கும். பழைய கடிகாரத்துக்கு எதிரில் பேட்டரியில் ஓடும் புதிய மரக் கடிகாரம். அதிலும் ஊசல் ஆடும், ஆனால் அந்த ஊசலுக்கும் நேரத்துக்கும் சம்பந்தம் கிடையாது.

பழையதை வாங்கினால் வாரம் ஒரு நாள் சாவி கொடுக்க வேண்டும். முகப்பில் இரண்டு துளைகள் இருந்தால் ஒன்று நேரத்துக்கு, மற்றொன்று மணி அடிப்பதற்கு. சுவரில் கொஞ்சம் சாய்ந்து தொங்கினாலும் நின்றுபோகும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: டிக்கும் டாக்கும் ஒரே இடைவெளியில் விழ வேண்டும். நொண்டி நொண்டி விழுந்தால் சாய்வு இருக்கிறது. முகப்புத் தாள் புதிதாக அச்சிட்டு ஒட்டியதா, பெட்டி பிற்காலத்தில் செய்ததா, பின்தகட்டில் கம்பெனி முத்திரை இருக்கிறதா என்று பார்க்காமல் பழைய விலை கொடுக்காதீர்கள். கடையில் ஓடுகிறது என்பது போதாது. ஒரு மணி நேரம் நின்று, மணி முள்ளும் அடிக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் அத்தைக்கு இரவில் தூக்கம் குறைவு. மணிக்கு மணி அடிக்கும் கடிகாரம் அவரைப் படுத்திவிடும் என்று நான் பயந்தேன். அவர் சொன்னதோ வேறு: "ராத்திரி மணி என்னன்னு தெரியாம முழிச்சிக் கெடக்குறதுதான் கஷ்டம்." அதனால் பழையதையே வாங்கினோம். வெள்ளிக்கிழமை காலையில் சாவி கொடுப்பது இப்போது என் மகனின் வேலை.

சின்னச் சின்ன விஷயங்கள்

காது உடைந்த உருளி வாசலுக்கு அருகில் தண்ணீரும் பூவுமாக இருக்கிறது. வார்ப்பு உருளி கனமாக இருப்பதால் கால்பட்டுக் கவிழாது. தகட்டில் அடித்த மெல்லிய உருளி விலை குறைவு, தூக்கிக் கழுவ எளிது. பார்வைக்கு மட்டும் என்றால் அதுவே போதும். ஆனால் எதுவாக இருந்தாலும் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், ஒரு வாரத்தில் பறக்கத் தயாராகிவிடும்.

விளக்கொளியும் முக்கியம். பித்தளையும் தேக்கும் வெள்ளை டியூப்லைட் வெளிச்சத்தில் செத்துப்போய்த் தெரியும். 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டிருக்கும் மஞ்சள் எல்இடி பல்பு மாற்றிய அன்றுதான் அந்தப் பலகையில் இவ்வளவு சிவப்பு ஓடுகிறது என்று கண்டோம். படிக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை விளக்கை விட்டுவைத்திருக்கிறோம்.

அஞ்சறைப்பெட்டிக்கு மூடி போட்டாயிற்று. அதில் இப்போது சாவிகள், மருந்துச் சீட்டு, நூல்கண்டு.

சுவரில் எந்தப் படம்?

தஞ்சாவூர் ஓவியம், ரவிவர்மா படம் இரண்டில் ஒன்றை எடுப்பதுதான் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியம் பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணமும் பசையும் கலந்த பூச்சால் மேடு எழுப்பி, கல் பதித்து, தங்கத் தாள் ஒட்டிச் செய்வது. விலை வித்தியாசம் பெரும்பாலும் அந்தத் தாளில்தான். அசல் தங்கத் தாள் வருடக்கணக்கில் நிறம் மாறாது, தங்க நிறத் தாள் மங்கிப்போகும். எது போட்டிருக்கிறது என்று ரசீதில் எழுதிக் கேளுங்கள். ஒரே ஒரு படமாக, எதிரில் மங்கலான விளக்கோடு தனிச் சுவரில் இருந்தால்தான் அதன் கம்பீரம் எடுபடும். பக்கத்தில் டிவி இருந்தால் இரண்டும் சண்டை போடும்.

ரவிவர்மா அச்சுப்படம் வேறு மாதிரி, கூடத்தில் வீட்டு மனிதர் போலக் கலந்துவிடும். 1894-இல் அவர் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரண வீட்டுச் சுவர்களுக்கும் வந்தார்கள். செட்டிநாட்டுப் பக்கம் அந்தப் படங்களில் இருக்கும் சேலைக்கு ஜரிகையும் மணியும் தைத்து அலங்கரித்திருப்பார்கள். அந்தக் கைவேலைக்காகவே பழைய படம் வாங்கலாம் என்று தோன்றும். பழையதா புதியதா என்று பார்க்க ஒரு பூதக்கண்ணாடி போதும். கல் அச்சில் எடுத்த பழைய படத்தில், முகத்தின் நிழல் பகுதியில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். இன்றைய அச்சில் சீரான வரிசையில், சின்னச் சின்ன வட்டப் பூக்களைப் போல அடுக்கி நிற்கும். பழையதில் தாள் உடையும் பதத்தில் இருக்கும், சட்டத்துக்குப் பின்னால் ராமபாணப் பூச்சி குடியிருக்கும், அதையும் பார்க்க வேண்டும். புதுப் பிரதியை நல்ல சட்டம் போட்டு மாட்டுவதில் எந்தக் குறையும் இல்லை, அதைப் பழையது என்று சொல்லிப் பழைய விலைக்கு விற்றால்தான் குறை.

எனக்குத் தஞ்சாவூர்க் கிருஷ்ணன், அம்மாவுக்கு ரவிவர்மா சரஸ்வதி. எதுவானாலும் மாட்ட இருப்பது மேற்குச் சுவர் ஒன்றுதான். அது வெளிச்சுவர், மழை நேராக அடிக்கும் பக்கம். சுண்ணப் பூச்சுக்கும் ஆகாது, தாளுக்கும் ஆகாது. சட்டத்தின் பின்புற மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டிச் சுவரிலிருந்து அரை அங்குலம் தள்ளி நிறுத்தினால் காற்று ஓடும் என்றார் சட்டம் போடுபவர். ஆனாலும் அவசரப்படவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை முடியட்டும். சுவரில் ஈரம் இறங்குகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆணி அடிக்கிறோம்.